சுறா வாங்கக் கடலில் இறங்கிய அம்மா

கொல்லிமலையில் சுறாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கடலைத்தான் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து மிளகும் பலாப்பழமும் எடுத்துக்கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குகிறவர்கள், கருவாடு வாங்காமல் திரும்பும் பஸ்ஸில் ஏறமாட்டார்கள். கருவாட்டு பாய் கடையில் சுறா பழைய தோல் செருப்பைப் போலத் தொங்கும். மஞ்சளாக, தட்டையாக, உப்புப் பூத்து. அதற்குத் தலையும் கிடையாது, பல்லும் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று அதை வாங்கிப் புட்டு செய்து கொடுப்பார்கள். எங்கள் ஊரில் சுறா என்றால் அவ்வளவுதான், ஒரு மருந்து.

எனக்கு மட்டும் இன்னொரு சுறாவும் தெரியும். ஐந்தாம் வகுப்புச் சுவரில் டீச்சர் ஒட்டியிருந்த படத்தில் அது வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. வரிசை வரிசையாகப் பல். படத்துக்குக் கீழே இருந்ததை எழுந்து நின்று சத்தமாக வாசித்தவள் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்தைப் பார்த்து வாசித்த முதல் ஆளும் நான்தான். அதனால் பள்ளியில் படித்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து ஒருமுறை சொல்லிவிடுவேன். அம்மாவும் அப்பாவும் கலெக்டர் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்கள். சுறா ஆளைக் கடிக்கும் என்பதையும் சொன்னேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, "அது வேற ஏதாச்சும் மீனா இருக்கும் கண்ணு" என்றாள்.

அந்த வருஷம் சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண்குழந்தை பிறந்தது. பால்தான் போதவில்லை. குழந்தை எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. எடை ஏறாவிட்டால் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். சித்தியின் மாமியார், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ஊட்டுல பாட்டில் பாலுல வளந்த புள்ள யாருமில்லீங்க" என்று சித்தியின் காதில் விழுகிற மாதிரி சொன்னார். சித்தி கருவாட்டுப் புட்டாகத் தின்றுகொண்டிருந்தாள். ஊறியது தாகம் மட்டும்தான்.

அம்மா நேராகச் சந்தைக்குப் போய்விட்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு.

"ஏனுங்க பாய், உங்க சுறாவத் தின்னு எந்தங்கச்சி கொடங்கொடமாத் தண்ணி குடிக்கறா. பாலக் காணமே?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? இது காஞ்ச சாமான். பச்சைச் சுறாவா இருந்தா மறுநாளே பால் பீச்சியடிக்கும். அதுக்கு நீ கடலுக்கில்ல போகணும்!" என்று பாய் சிரித்தார்.

பாய் கேலியாகச் சொன்னதை அம்மா வழி சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

சித்திரையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துத் திருப்போரூர் முருகனைக் கும்பிடப் போனார்கள். போகிற வழியெல்லாம் பாட்டும் கைத்தட்டலும். அம்மா மட்டும் மடியில் மூடி போட்ட பெயிண்ட் வாளி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "கடல் தண்ணி கொண்டுவந்து ஊட்டுல தெளிக்கோணும்" என்றாள். முருகனைக் கும்பிடப் போகிற வேனில் மீன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

சாமி கும்பிட்டு முடித்து, கடலையும் பார்த்துவிடலாம் என்று ஒரு மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினார்கள். கடலைப் பார்த்ததும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "இதென்ன, வாசக்கதவக் கழட்டிட்டு வந்து தண்ணியில போட்டு உக்காந்திருக்கறானுங்க?"

அலைகளுக்கு அந்தப்பக்கம் பத்துப் பதினைந்து பேர் நீளநீளமான பலகைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, கடலையே பார்த்துக்கொண்டு. இன்றைக்கு அதற்கு அலைச்சறுக்கு என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியும். அன்றைக்குப் படித்தவளான எனக்கே தெரியாது. எங்கள் மலையில் ஆண்பிள்ளைகள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அசையாமல் காத்திருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

"மீனு புடிக்கறாங்களாட்ட இருக்குது" என்றாள் அம்மா.

"தூண்டிலக் காணமே புள்ள" என்றார் அப்பா.

"கையிலயே புடிப்பாங்களாட்ட இருக்குது."

அலை ஒன்று பெரிதாக எழுந்தது. ஒரு பையன் பலகைமேல் எழுந்து நின்று, கையை விரித்துக்கொண்டு வந்து, தலைகுப்புற விழுந்தான். "த்சொ, தப்பிச்சிருச்சு" என்று அம்மா வருத்தப்பட்டாள். அடுத்தவனும் விழுந்தான். அதுவும் தப்பித்தது. மற்றவர்கள் மணலில் விளையாடப் போனார்கள். அம்மா வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவர்கள் எப்போது பிடித்து எப்போது கரைக்கு வருவார்கள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவம், விடிஞ்சதுலருந்து ஒண்ணுகூட மாட்டல போல."

திடீரென்று விசில் சத்தம். பலகைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அண்ணன் ஒருவர், ஆரஞ்சு பனியன் போட்டவர், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையை ஆட்டிக் கத்தினார்: "சுறா! சுறா! எல்லாரும் வெளிய வாங்க!"

நான் பார்த்தேன். அலைக்கு அப்பால், கறுப்பாக, முக்கோணமாக ஒரு துடுப்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று. என் சுவர்ப்படத்துச் சுறாவேதான். பலகையில் இருந்தவர்கள் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் தண்ணீரை வாரிக்கொண்டு கரையைப் பார்த்து வந்தார்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடிவந்தார்கள். மொத்தக் கடற்கரையும் ஒரு திசையில் ஓட, ஒரே ஓர் ஆள் எதிர்த்திசையில் ஓடினாள். கையில் வாளி.

ஓடையில் முழங்காலுக்குமேல் தண்ணீர் இருந்தால் சுற்றிக்கொண்டு போகிறவள் அம்மா. அன்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக இறங்கினாள். முதல் அலை அவள் முகத்தில் அடித்தது. துப்பிவிட்டுப் போனாள்.

"அம்மா! அது கடிக்கும்! அதுக்கு நெறையப் பல்லு இருக்குதும்மா!" என்று கரையில் நின்று கத்தினேன். படித்த படிப்பு முழுவதையும் கத்தினேன்.

முன்னால் வந்த ஒரு பையனின் பலகையை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஏஞ்சாமி, கதவாட்டம் பலகைய வெச்சுக்கிட்டு ஒரு மீனுக்குப் பயந்து ஓடியாறியே! திரும்பிப் போயிப் புடி சாமி!"

அவன் மிரண்டுபோய்ப் பலகையை அவளிடமே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினான். ஆரஞ்சு பனியன் அண்ணன் பாய்ந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"அக்கா, அது ஆளக் கடிக்கும்க்கா! வெளிய வாங்க மொதல்ல!"

"கடிச்சாக் கடிக்கட்டும்! எந்தங்கச்சி புள்ளைக்குப் பாலு இல்லீங்க. சின்னதா ஒண்ணு புடிச்சுக் குடுங்க, போதும்!"

சுறாவுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அண்ணனுக்கு விளங்கவில்லை. முகத்தில் அப்படியே தெரிந்தது. அதற்குள் அப்பா வேட்டியோடு இறங்கி, அம்மாவை இடுப்பில் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அம்மா உதறிக்கொண்டு மறுபடியும் ஒருமுறை கடலைப் பார்த்துத் திரும்பினாள். துடுப்புகள் தெற்கே போய்விட்டிருந்தன.

"போச்சு" என்று மணலில் உட்கார்ந்தாள். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். கடல் தண்ணீர் மொள்ளவா இவ்வளவு என்று யாரோ கேட்டார்கள். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. என் அம்மாவுக்குச் சுறா கடிக்கும் என்பதுகூடத் தெரியவில்லையே!

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். படகுகளின் நிழலில் தார்ப்பாய் கட்டி அன்னக்கூடையில் மீன் வைத்திருந்த ஒரு மீன்காரம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாம்மா நீ! இதுக்கா கடல்ல எறங்குன? அதுங்க மீன் புடிக்கற பசங்க இல்ல, வெளையாடுற பசங்க. இத்தப் பாரு." மேலே கிடந்த மீன்களை ஒதுக்கினார். முழநீளத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு. "பால்சுறா. காலையில வலையில வந்துச்சு."

நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து அவை அங்கேதான் கிடந்திருக்கின்றன, அம்மாவின் முதுகுக்குப் பின்னால். அம்மா குனிந்து ஒன்றின் வாயை விரலால் திறந்து பார்த்தாள். சின்னச் சின்னதாகப் பல் இருந்தது. என்னைப் பார்த்தாள். மீன்காரம்மா ஐஸ் அள்ளிப் போட்டு வாளியை நிரப்பிக் கொடுத்தார்.

சித்திக்குப் பால் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பில் என்னைவிட உயரமாக நிற்கிறாள். சுறாவால்தான் வந்ததா, அல்லது அக்கா கடலில் இறங்கிய கதையைக் கேட்டுச் சித்தி பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாக வயிறு குலுங்கச் சிரித்ததாலா, அந்தக் கதையைக் கேட்ட மாமியார் வாயை மூடிக்கொண்டதாலா, எனக்குத் தெரியாது. நான் படித்தது தாவரவியல்.

நான் சொல்ல வந்தது வேனில் நடந்தது.

புறப்பட்டபோது நல்ல உச்சிவெயில். தகரமெல்லாம் தோசைக்கல்லாகக் கொதித்தது. அம்மா ஈரப்புடவையோடு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் வாளி, மூடிமேல் இரண்டு கையும். அந்தக் கைகள் நடுங்கின. மூடி கடகடவென்று சத்தம் போட்டது. பல்லும் கிட்டியது. "இந்த வெயில்ல எதுக்குங்க இப்படி நடுங்குது?" என்று முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். ஈரம் ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொள்ளும், அதனால் குளிரும் என்று எழுந்து நின்று வேன் முழுவதற்கும் விளக்கினேன்.

"எவ்வளவு வெவரம் பாரு இந்தப் புள்ளைக்கு" என்றார்கள்.

"ஆமா கண்ணு, அதான்" என்றாள் அம்மாவும்.

அப்பா தன் கையை எடுத்து அம்மாவின் கைமேல் வைத்தார். மூடியின் சத்தம் நின்றது. திண்டிவனம் தாண்டுவதற்குள் புடவை காய்ந்து உப்புப் பூத்து மொடமொடத்துப் போனது. அதற்குப் பிறகும் அம்மாவின் நடுக்கம் நிற்கவில்லை, அப்பாவும் கையை எடுக்கவில்லை. மீன் நாற்றம் அடிக்கிற ஒரு வாளியை எதற்காக இரண்டு பேர் அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் எனக்கு ஊர் வரும்வரை புரியவில்லை.