எனக்கு வராத காமாலை

மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தபோது எனக்கு ஊசி என்றால் உயிர். உப்பு வாரிக் காலில் வெடிப்பு விட்டால் ஊசி, உடம்பு அசந்தால் ஊசி. மாத்திரை கொடுத்தால் எங்கள் ஊர்க் கம்பவுண்டருக்குத் தொழில் தெரியாது என்பேன். அவரிடம் இருந்ததே ஒரு கண்ணாடி சிரிஞ்சும் ஓர் ஊசியும்தான். எனக்கு முன்னால் நின்றவருக்குப் போட்டுவிட்டு, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எனக்கும் போடுவார். என் மனைவிக்கு ஊசி என்றாலே நடுக்கம். அதை உப்பளம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான இரண்டாம் வருஷம், அவளுக்குக் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டி, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் இறங்கவில்லை. பிழைப்பாளா என்று பயந்தேன். பயத்திலும் என் மேதாவித்தனம் குறையவில்லை. அவளுடைய தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்தேன். கண்ட கடையில் பஜ்ஜி தின்றதால் வந்தது என்று திட்டவும் செய்தேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் ரத்தத்தோடு என் ரத்தத்தையும் கேட்டார். எனக்கு எதற்கு, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்றேன். ஆனாலும் ஊசி அல்லவா, கையை நீட்டிவிட்டேன்.

இருவர் ரத்தத்திலும் ஒரே கிருமி. அவள் மெல்லத் தேறினாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவளிடம் கிருமி இல்லை, என்னிடம் அப்படியே இருந்தது. டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எனக்கு விளக்கினார். இந்தக் காமாலை தட்டிலோ டம்ளரிலோ வராது. ரத்தத்தில் வரும், சரியாகக் கொதிக்க வைக்காத ஊசியில் வரும், புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருப்பதிலும் வரும். சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாமல், வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கி ஈரலைக் கெடுக்குமாம். என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கும் என்றார். வெட்கத்தில் செத்தேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ் கிளியனூர் தாண்டியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"கல்யாணமான நாளா எனக்குன்னு நீங்க குடுத்தது இது ஒண்ணுதான். அதையும் வச்சிக்கத் தெரியாம தொலைச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"உங்களுக்குப் போவலியேங்க" என்றாள்.