விறகுக்கடைக்காரரின் காற்றாடி

எழுபதுகளில் தூத்துக்குடி உப்பளங்களுக்குக் காற்றில் சுழன்று தண்ணீர் இறைக்கும் காற்றாடி பம்பு விற்றுவந்தேன். அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர், ரொட்டிக்கடைகளுக்கு விறகு போடும் ஒரு விறகுக்கடைக்காரர். இரண்டு கட்டைகளைத் தட்டி, சத்தத்திலேயே ஈரம் பார்த்துவிடுவார்.

“காத்து ஓசிதான். ஆனா கூப்பிட்டா வராது. ரொட்டி அடுப்பு அதுக்காவக் காத்துக் கெடக்குமா?” என்று எல்லோரிடமும் சொல்வார்.

ஒருநாள் அவரே வந்து, தனக்கிருந்த சிறு உப்பளத்தில் விறகு எரித்துத் தண்ணீர் இறைக்கும் பழைய நீராவி இன்ஜினை நிறுத்திவிட்டுக் காற்றாடி வைக்கப்போவதாகச் சொன்னார்.

“அப்போ வெறகு, அண்ணாச்சி?”

“வெட்டுக்கூலி, வண்டிக்கூலி எல்லாம் சேந்துல்லா எரியுது. உப்புக்கு என்ன அவசரம்? காத்து வாரப்ப தண்ணி ஏறட்டும்.”

பிறகு என் கடையில் நின்ற காற்றாடியின் மரத்தூணைத் தட்டிப் பார்த்தார்.

“ஈரமா இருக்கே.”

விலையைக் குறைக்க அப்படிச் சொன்னாரா, உண்மையிலேயே ஈரமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. குறைத்துத்தான் கொடுத்தேன்.