கொழுந்துக் கறையும் விரல் மெஷினும்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே ஜீவராணிக்கு ஒரு காலத்தில் கொட்டாவி வரும். தாதியர் கல்லூரியில் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினாள். மண்டபத்தை விட்டு வெளியே வந்த கையோடு மறந்தும் போனாள். ஒப்பிட்டுப் பார்ப்பது, நிரூபிப்பது எல்லாம் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருப்பவர்களின் சமாச்சாரம், ஆஸ்பத்திரி வாட்டில் நிற்கிறவளுக்குக் கண்ணும் கையும் போதும் என்பது அவள் கட்சி. கண்ணும் கையும் அவளுக்கு நன்றாகவே இருந்தன. வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்துத்தான் அவளைப் படிக்க வைத்தார். இப்போது மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் வாட்டில் வேலை. நோயாளிகளோடு தமிழ், வாட்டுப் பொறுப்பாளர் சந்திரலதா சிஸ்டரோடு சிங்களம், கோபம் வந்தால் இரண்டும்.

அவளை மாற்றியது விரல் மெஷின். கொரோனாவுக்குப் பிறகு அதைத் தெரியாதவர்கள் தோட்டத்தில் இல்லை. உடுப்புக் காயப்போடும் கிளிப்பைப் போல விரலைக் கவ்விக்கொண்டு, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். எண் குறைந்தால் ஒட்சிசன் முகமூடி மாட்டுவார்கள். முகமூடி மாட்டினால் ஆள் அவ்வளவுதான் என்று லயங்களில் ஒரு பயம் இருந்தது.

மழைக்காலங்களில் ஒரு விசித்திரம் நடந்தது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு நேரே வருகிற பெண்களுக்கு எண் குறைவாகவே காட்டியது. வயிற்றுவலி என்று வந்தவளுக்கும் குறைவு, கால் வீக்கம் என்று வந்தவளுக்கும் குறைவு. மூச்சில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள் முகமூடியோடு படுத்து, பயத்தில் அழுதார்கள். டவுனிலிருந்து வரும் பெண்களுக்கு அதே மெஷின் ஒழுங்காகக் காட்டியது.

ஜீவராணி காரணம் கண்டுபிடித்தாள். கொழுந்துக் கறை! சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அசையாத அந்தக் கறுப்பை அம்மாவின் விரல்களில் பார்த்தே வளர்ந்தவள் அவள். மெஷின் விரலுக்குள் வெளிச்சம் பாய்ச்சித்தான் எண்ணைச் சொல்கிறது, கறை வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். கேட்டால் யாருக்கும் சரியென்றே படும். ஆபத்து அதில்தான் இருந்தது. வாட்டு டாக்டர் கஜேந்திரன் எல்லோர் முன்னிலையிலும் நல்ல அவதானம் என்று பாராட்ட, அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. அவள் சொன்னது வாட்டின் வேதவாக்காகிவிட்டது. புதிதாக வரும் தாதிகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

அடுத்த ஆடி மழையில் நாகலெட்சுமியைக் கொண்டுவந்தார்கள். நனைந்த உடம்பு, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மெரினா என்ற புதுத் தாதி விரலில் மெஷினை மாட்டினாள். எண்ணைப் பார்த்தாள், கறுத்த விரல்களைப் பார்த்தாள், வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னாள். நாகலெட்சுமி உட்கார்ந்தாள். உட்காரச் சொன்னால் ஏனென்று கேட்கிற பழக்கம் அவளைப் போன்றவர்களுக்கு இல்லை.

ஜீவராணி கடமைக்கு வந்தபோது அவளுடைய தோள்கள் ஏறி இறங்குவதைக் கண்டாள். பெயரைக் கேட்டாள். ஒரே மூச்சில் தன் பெயரைச் சொல்லி முடிக்க அந்தப் பெண்ணால் முடியவில்லை. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பிழைப்பாளா என்று சில நாட்கள் யாராலும் சொல்ல முடியவில்லை.

மெரினாவைக் கிழித்துத் தோரணம் கட்டுவது என்றுதான் ஜீவராணி போனாள். துணிமணி வைக்கும் அறையில் அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றாள்.

"நீங்கதானே அக்கா சொன்னீங்க, கறைக் கைன்னா நம்பரப் பெருசா எடுக்க வேணாம்னு."

தோரணம் கட்ட வந்த ஜீவராணி, அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, ஏசாமல் திரும்பினாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

நாகலெட்சுமி பிழைத்தாள். வாட்டுக்குத் திரும்பி வந்ததும் அவள் செய்த முதல் வேலை ஜீவராணியிடம் மன்னிப்புக் கேட்டது.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். கைய வெளக்கிட்டுத்தான் வந்திருக்கணும். கறையோட போனா மெஷினு புடிக்காதுன்னு லயத்துல சொல்றாங்க. எனக்கு மூச்சு முட்டிருச்சு, முடியல."

வாட்டில் சொன்னது லயம் வரைக்கும் போயிருக்கிறது. காய்ச்சலோடு இருக்கும் பெண்கள் குழாயடியில் நின்று சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தோல் உரியத் தேய்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஜீவராணிக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. தான் சொன்னதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? இல்லை. தானாவது பார்த்தாளா? அதுவும் இல்லை.

கொட்டாவி விட்ட பாடத்தைத் தூசி தட்டி எடுத்தாள். வேறு நாடுகளில் என்ன பார்த்திருக்கிறார்கள் என்று தேடினாள். நகப்பூச்சைப் பற்றி எழுதியிருந்தார்கள், மருதாணியைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதிலும் ஆளுக்கொரு முடிவு. தேயிலைக் கறையைப் பற்றி அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை. அப்படியானால் நாமே பார்ப்போம் என்று, ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிப் போட்டாள். அனுமதி வருவதற்குள் அடுத்த மழையே வந்துவிட்டது.

ஒவ்வொரு பெண்ணிடமும் விஷயத்தைச் சொல்லி, விருப்பமில்லாவிட்டால் வேண்டாம், வைத்தியத்தில் குறை வராது என்று விளக்கிச் சம்மதம் கேட்டாள். ஒருத்தி வேண்டாம் என்றே சொல்லிவிட்டாள். உள்ளுக்குள் எரிச்சல் வந்தாலும் ஜீவராணி சிரித்த முகமாக நகர்ந்தாள். சம்மதம் கேட்பது என்றால் மறுப்பதற்கும் இடம் விட வேண்டும் அல்லவா?

மூச்சுத் திணறல் இல்லாதவர்களிடம்தான் சோதனை. முதலில் மெஷினை மாட்டிப் பார்ப்பது, பிறகு தண்ணீர்ப் பேசினில் கையை விட்டுத் தேசிக்காயால் கறையைப் போக்குவது, மறுபடி மாட்டுவது. எண் ஏறியது! அடுத்தவளுக்கும் ஏறியது. கறைதான் என்று துள்ளிக் குதித்து வாட்டுக்கே வடை வாங்கிக் கொடுத்தாள். டாக்டர் கஜேந்திரன் ஆஸ்பத்திரியின் வருடாந்தக் கூட்டத்தில் பேச அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

வடை செரிப்பதற்குள் ஒரு பெண் வந்தாள். விரல் வெடிப்புகளில் இறங்கிய கறை, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கறுப்பாகப் போன கை கறுப்பாகவே வந்தது. எண் மட்டும் ஏறியிருந்தது. ஜீவராணி மெஷினைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள். பேசினிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வேலைய ஒண்ணாச் செஞ்சுட்டேன் மெரினா," என்றாள்.

அந்தக் குளிரில் நோயாளியின் கையைப் பச்சைத் தண்ணீரில் விட யாருக்கு மனம் வரும்? கேட்காமலே எல்லோரும் சுடுதண்ணீர்தான் ஊற்றியிருந்தார்கள். கறையும் போனது, விறைத்த கையும் சூடானது. எண்ணை ஏற்றியது எது?

பேசாமல் இருந்திருக்கலாம். எண்கள் பொய்யில்லை, கூட்டத்தில் கைதட்டுக் கிடைக்கும், யாரும் கேட்கப் போவதில்லை. அப்படி இருந்துவிடலாமா என்று அவள் யோசிக்காமலும் இல்லை. ஆனால் கறை என்று மேடையேறிச் சொல்லிவிட்டால் அதற்கு முத்திரை குத்தியதாகிவிடும். பெண்கள் தோல் உரியத் தேய்ப்பார்கள். கறுத்த கையோடு வருகிறவளை இன்னொரு மெரினா வாங்கில் உட்கார வைப்பாள்.

குழுவுக்குத் தவறைச் சொல்லி, திருத்திய முறைக்கு மறுபடி அனுமதி வாங்கினாள். சம்மதித்த பெண்களில் சிலருக்குச் சூடாக்காத தண்ணீரில் கறையைப் போக்கினாள். சிலருக்குக் கறையைத் தொடாமல் சூடான துணியைக் கையில் சுற்றினாள். யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தாள். மனம் இன்னமும் கறையின் பக்கமே சாய்ந்திருந்தது. அதனால் தன்னையே நம்பாமல் எண்ணைப் படிக்கும் வேலையை மெரினாவிடம் விட்டாள். எந்தக் கைக்கு என்ன செய்தார்கள் என்று மெரினாவுக்குத் தெரியாதபடி கைக்கு மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

கறை போன கைகளில் எண் இருந்த இடத்திலேயே இருந்தது. கறை இருந்த கைகளில், சூடு ஏற ஏற, எண்ணும் ஏறியது.

கூட்டத்தில் சிங்களத்திலும் தமிழிலும் பேசினாள். கறை என்று சொன்னது நான்தான், அது பிழை, கை குளிர்ந்திருப்பதுதான் காரணம் என்று போட்டு உடைத்தாள். கையைச் சூடாக்கிய பிறகும் எண் குறைந்தால் அதை நம்ப வேண்டும், மூச்சு வாங்குகிறவருக்கு அதற்கும் காத்திருக்கக் கூடாது என்றாள். இது ஒரு வாட்டில் பார்த்தது மட்டும்தான், மற்ற இடங்களிலும் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். அப்படியானால் இத்தனை நாள் எங்களுக்குச் சொல்லித் தந்தது என்ன என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அதத் திருத்தத்தான் வந்து நிக்கிறேன்," என்றாள் ஜீவராணி.

கைதட்டு உடனே வரவில்லை. வந்தபோது சந்திரலதா சிஸ்டர்தான் தொடங்கி வைத்தார். அந்த வாரமே அவர் வாட்டுக்குச் சுடுதண்ணீர்ப் பைகள் வாங்கிப் போட்டார். தோட்டங்களுக்குப் போகும் மருத்துவ மாதுகளிடம், யாரும் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், நேரே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மழை விடாத ஒரு காலை இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சேதி அவள் லயத்துக்குப் போய்ச் சேரவில்லை போலும். கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாயைத் தேடினாள். மெரினா விடவில்லை. கையை வாங்கிச் சுடுதண்ணீர்ப் பையின் மேல் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டாள். சூடு ஏறியது. எண் ஏறவில்லை. மெரினா டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, ஒட்சிசன் முகமூடியைக் கையில் எடுத்தாள்.

"கறையாலதானே மிஸ் கொறைவாக் காட்டுது?" என்று அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லம்மா. மெஷினு சரியாத்தான் சொல்லுது. ஒங்களுக்கு முடியல. நாங்க பாத்துக்கிறோம்."

வாட்டின் மறுகோடியில் நின்ற ஜீவராணிக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடிவரப் புறப்பட்டவள், தேவையில்லை என்று கண்டு, தன் நோயாளியிடம் திரும்பினாள்.