உப்புத் தூவின மீன்கள்

ஒரே வருடத்தில் 4,160 படங்கள். அத்தனையும் மீன்கள். அவள் கைபேசியில் பெற்ற மகளின் படம் எண்ணினால் இருநூறைத் தாண்டாது.

இருபத்தாறு இடங்களில் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது அவள் தொழில். பல் மருத்துவர், வக்கீல் அலுவலகம், ஓட்டல் வரவேற்பறை என்று வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வோர் இடமாகப் போவாள். கால் பங்கு தண்ணீரை மாற்றுவாள், கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவாள், வடிகட்டியின் பஞ்சை அலசுவாள், கடைசியாக மீன்களைப் படம் எடுப்பாள். அன்றைக்கே படங்கள் வாடிக்கையாளருக்குப் போய்விடும். அவளிடமிருந்து படம் வந்தால் மீன்கள் சௌக்கியம் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

வாடிக்கையாளர்கள் அவளைக் கழுகு என்றுதான் சொல்வார்கள். ஓட்டல் தொட்டியின் மூலையில் முடியளவு விரிசலை வாசலிலிருந்தே கண்டுபிடித்தவள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் அவளுக்குக் கோபம் வராது. உள்ளூரக் குளிர்ந்துபோவாள்.

நாற்பத்தேழாவது வயதில் கழுகுக்குப் பக்கத்தில் இருப்பது மங்கத் தொடங்கியது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, மருந்துப் புட்டியின் எழுத்து எறும்பாய் ஊர்ந்தது. மூக்குக்கண்ணாடியோடு வேலைக்குப் போனால் பேர் என்னாவது? யாரிடமும் மூச்சு விடாமல் ஒரு வழி கண்டுபிடித்தாள். தொட்டிமுன் நின்று பார்ப்பதுபோல் பார்ப்பது, படம் எடுப்பது, பிறகு படத்தைப் பெரிதாக்கி மீனுக்கு நோய் உண்டா என்று தேடுவது. ஆனால் கைபேசித் திரையில் அதுவும் கைகொடுக்கவில்லை. மீனைப் பெரிதாக்கினால் வால் தெரிந்தது, தலை வெளியே போனது.

வீட்டுக்காரருக்கு ஜெராக்ஸ் கடை. அங்கே அகலமான திரையோடு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சிக்கல் என்னவென்றால், தொட்டிப் படங்களுக்கென்றே அவள் வைத்திருந்த செயலி கைபேசியில் மட்டுமே ஓடும். விளக்கின் நீலச் சாயத்தையும் கண்ணாடியில் விழும் நிழலையும் எடுத்துவிட்டு மீனை மீன் நிறத்திலேயே காட்டும் செயலி அது. அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் தேடி, கம்ப்யூட்டரைக் கைபேசிபோல் நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்றை இறக்கினார். அதற்குள் செயலியைப் புதிதாக நிறுவினார்.

முதல் ஓட்டம் கூத்தாகத்தான் இருந்தது. "கைபேசியைத் தொட்டிக்கு நேராகப் பிடிக்கவும்" என்றது திரை. மனிதர் ஒரு கணம் மானிட்டரைத் தூக்கப் போய்விட்டார். அடுத்து கம்ப்யூட்டரின் கேமரா தானாகத் திறந்து அவர் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போட்டது. மீசையைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்து, கெளுத்தி இனம் என்று எழுதிக் காட்டியது.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி நான் கண்டுபிடிக்காததை இது ஒரு நொடியில கண்டுபிடிச்சிடுச்சு" என்றாள் அவள்.

கேமராவை மூடினார்கள். கைபேசியிலிருந்து அன்று எடுத்த நாற்பது படங்களை ஏற்றினார்கள், அத்தனையையும் செயலி ஒரே மூச்சில் திருத்தி வைத்தது. ஒவ்வொரு மீனும் முழங்கை நீளத்துக்குத் தெரிந்தது. செதில் செதிலாக எண்ணலாம். அவளுக்குக் கண் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்த முதல் நாற்பதில் பன்னிரண்டு படங்கள் டயாலிசிஸ் மையத்துத் தொட்டியுடையவை. மையத்துக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் அவள் அங்கே போவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஆகவே அந்த மீன்களை உண்மையில் யார் பார்க்கிறார்கள் என்று அவள் கண்டதில்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் குழாய்களோடு அசையாமல் படுத்திருக்கும் எட்டுப் பேர் பார்த்தார்கள். தொட்டிக்கு நேர் எதிர்ப்படுக்கைக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எப்போதும் கூட்டத்துக்கு முன்னால் நீந்தும் ஆரஞ்சு மீனுக்கு அவர் டிரைவர் என்று பெயர் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை கண்டக்டர் நர்ஸிடம், டிரைவர் மேல் யாரோ உப்புத் தூவின மாதிரி இருக்கிறதே என்றார். நர்ஸ் கைபேசியை எடுத்து முந்தின நாள் வந்த படத்தைக் காட்டினாள். பளபளவென்று சுத்தமான டிரைவர். கழுகே பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, உங்களுக்கு என்ன ஐயா வந்தது என்று கேட்டாள். புதன்கிழமையும் அவர் அதையே சொன்னார். இந்த முறை அறையே சிரித்தது. சில்லறையில் கள்ளக் காசைக் கண்டுபிடித்த கண்ணா இது என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர். கடைசியில் நர்ஸ் நல்லெண்ணத்தோடு மேல்மாடியிலிருக்கும் கண் மருத்துவரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்தாள். அவரும் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு மீன் மிதந்தது. நர்ஸ் போன் செய்தபோது, வயதான மீன் சிஸ்டர், பயப்படாதீர்கள் என்றாள் இவள். ஞாயிறு போனாள், படம் எடுத்தாள், கடையில் பெரிய திரையில் பார்த்தாள். எல்லாம் சுத்தம். அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமைக்குள் இன்னும் நான்கு மீன்கள் செத்தன. அதில் டிரைவரும் உண்டு.

புதன்கிழமை கண்டக்டர் புதுக் கண்ணாடியோடு வந்து படுத்தார். மிச்ச ஆறு மீன்களிலும் உப்பு தெரிகிறது என்றார். இந்தத் தடவை நர்ஸ் சிரிக்கவில்லை. தொட்டியிடம் போய்த் தன் கைபேசியில் ஒரு படம் எடுத்து இவளுக்கு அனுப்பினாள்.

அவள் கடையிலிருந்தாள். நர்ஸின் படத்தை எந்தத் திருத்தமும் இல்லாமல் பெரிய திரையில் திறந்தாள். துடுப்பு, செவுள், வயிறு என்று எங்கு பார்த்தாலும் வெள்ளைப் புள்ளிகள். வெண்புள்ளி நோய். மீன் வளர்க்கிற எவருக்கும் முதலில் தெரியவேண்டிய நோய். தன் கைபேசியிலிருந்த பழைய படங்களைத் திருத்தாமல் திறந்தாள். பத்து நாளுக்கு முந்தைய படத்திலேயே டிரைவரின் வாலில் ஏழு புள்ளிகள் இருந்தன.

செயலியின் அமைப்புப் பக்கத்தில் நான்காவது வரி: "நீரில் மிதக்கும் தூசியை நீக்கு." டிக் விழுந்திருந்தது. வெள்ளைப் புள்ளியைத் தூசி என்று எடுத்துக்கொண்டு, மீன்மேல் இருந்ததையெல்லாம் செயலி துடைத்துவிட்டிருக்கிறது. கைபேசியில் அந்த டிக்கை முதல் நாளே எடுத்துவிட்டவள் அவள்தான். எடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். கம்ப்யூட்டரில் புதிதாக நிறுவியபோது அது பழையபடி வந்து உட்கார்ந்திருந்தது. அவள் பார்க்கவில்லை.

அதற்குள் நர்ஸ் போனில் வந்தாள். "நோய் திடீர்னு வந்திருக்கும், இல்லையாக்கா?"

"ஆமா சிஸ்டர்" என்றாள் கழுகு.

சொல்லிப் போனை வைத்த பிறகு காது சுட்டது. வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் கடைக்கு வந்த ஒருவரின் ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் இருபத்தாறு இடத்துக்கும் பரவும். ஆனால் அந்தக் கண்டக்டர் காசு கொடுத்துக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருப்பார். மீன்கள் செத்ததைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிடலாம் போலிருந்தது. இது தொண்டையில் நின்றது.

வியாழக்கிழமை போய்த் தண்ணீரின் சூட்டை ஏற்றி மருந்து விட்டாள். அன்று கண்டக்டர் வரும் நாள் இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போனாள். கையில் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுத்த இரண்டு தாள்கள்: ஒன்றில் புள்ளியோடு டிரைவர், இன்னொன்றில் துடைத்த டிரைவர். விஷயத்தைக் கேட்ட நர்ஸ், வெளியே வைத்துத் தனியாகச் சொல்லிவிடுங்கள் அக்கா, எதற்கு எல்லார் முன்னாலும் என்றாள். சிரித்தது எல்லாரும்தானே என்று இவள் உள்ளே போனாள்.

எட்டுப் படுக்கை, எட்டு இயந்திரம். பேச ஆரம்பித்ததும் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கண்டக்டரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தாள்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள். செயலி துடைத்தது, டிக்கைப் பார்க்காமல் விட்டது, நர்ஸிடம் ஆமா என்று சொன்னது. அதோடு நிற்காமல், பக்கத்துப் பார்வை போய் ஒன்றரை வருடம் ஆகிறது, யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள்.

"உங்க கண்ணுல ஒரு குத்தமும் இல்லைங்க ஐயா. குத்தம் என் கண்ணுலதான்."

கண்டக்டர் குழாய் இல்லாத கையால் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா" என்றார். "அதுல எனக்கு வருத்தம் இல்ல. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன் பாரு, அதுதான்."

பக்கத்துப் படுக்கைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் அலமாரியைத் திறந்து இல்லாத ஏதோ ஒரு வேலையைத் தேடினாள்.

"இந்தப் புள்ளி வந்தா எத்தனை நாள்ல சாகும்?" என்று கேட்டார் கண்டக்டர்.

கவனிக்காவிட்டால் ஒன்றிரண்டு வாரம் என்றாள்.

"அப்போ நான் சொன்ன அன்னைக்கே மருந்து விட்டிருந்தா?"

"பிழைச்சிருக்கும் ஐயா."

அவர் தலையை ஆட்டினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் பார்வையைத் திருப்பினார். வலது மூலையில் இருக்கிற கறுப்பு மீனுக்கு இடது துடுப்பில் இரண்டு புள்ளி கூடியிருக்கிறது, குறித்துக்கொள் என்றார். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

டயாலிசிஸ் மையத்தின் முறையை அவள் ஞாயிறிலிருந்து புதனுக்கு மாற்றிக்கொண்டாள். அடுத்த புதன் காலை எட்டரை மணிக்கு, எட்டுப் பேரும் படுக்கையில் இருக்கும்போது, தண்ணீர் மாற்றப் போகிறாள்.