நொய்யலுக்கு ஒரு புள்ளி

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் ஆற்று ஆமைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா இதைப் பற்றி மூச்சுவிட மாட்டாள். ஆமை புகுந்த வீடே உருப்படாதாம். ஆமை படித்த மருமகள் புகுந்தால் கேட்கவே வேண்டாம்.

எந்த ஆமை எந்த ஆற்றில் இருக்கிறது என்று வரைபடம் போடுவது என் வேலை. உயிரோடு கண்டால் கறுப்புப் புள்ளி. முன்பு இருந்து, இப்போது இல்லையென்றால் வெற்று வட்டம். பவானிக்குப் புள்ளி வைத்தாயிற்று. நொய்யல்தான் பாக்கி. நான் அந்தக் கரையில் பிறந்தவள். என் ஆற்றுக்கு வெற்று வட்டம் போட மனம் வரவில்லை. ஆனால் திருப்பூருக்குக் கீழே சாயக் கழிவால் ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது. ஆமை கிடக்கட்டும், ஒரு தவளைகூடக் கண்ணில் படவில்லை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு மத்தியானம் ஆற்றையொட்டிய தோட்டம் ஒன்றில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். தோட்டத்துக்காரம்மா குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். வந்த காரியத்தைச் சொன்னதும், "ஏனுங்க அம்மணி, அதுக்கு எதுக்கு ஆத்துல தேடறீங்க? எங்க கெணத்துலயே ஒண்ணு கெடக்குதுங்க" என்றார்.

எங்கள் பக்கம் கிணற்றில் ஆமை விடுவார்கள். அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று நம்பிக்கை. பெரும்பாலும் குளத்து ஆமையாகத்தான் இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் கிணற்றில் இறங்கிப் பிடித்துக் கூடையில் ஏற்றி அனுப்பினார். மடியருகே வைத்துப் புரட்டினேன். குளத்து ஆமைக்குப் பின்னங்காலை மூடும் தோல் மடிப்பு இருக்கும். இதற்கு இல்லை. அசல் ஆற்று ஆமை! கடிக்க வந்த அதன் மூக்கைப் பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது.

"நான் கண்ணாலமாகி வரும்போதே இருந்துச்சுங்க. எங்க மாமனாரு நொய்யல்ல புடிச்சாந்து உட்டது" என்றார்.

என் சந்தோஷம் அங்கேயே பாதியாகிவிட்டது. ஆள் கொண்டுவந்து விட்ட உயிருக்குப் புள்ளி கிடையாது என்பது விதி. விட எனக்கு மனசில்லை. என் பேராசிரியரிடம் வாதாடப் போவதை முதலில் அந்தம்மாவிடமே சொல்லிப் பார்த்தேன். "இந்தக் கெணத்துல ஊறறதும் நொய்யல் தண்ணிதானுங்களே அக்கா?"

"அதுதானுங்க வெனையே" என்றார்.

கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் சேலையில் சிவப்பாகப் படிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் குடித்தது லாரியில் வந்த தண்ணீராம். "இதை நல்ல ஆத்துல கொண்டுபோயி உட்டுப்போடுங்க அம்மணி. எங்க கண்ணு முன்னால சாக வேண்டாம்."

வனத்துறையிடம் சொல்லி அந்த வாரமே பவானிக்குக் கொண்டுபோனோம். தோட்டத்துக்காரம்மாவும் வந்திருந்தார். கோணியை அவிழ்த்ததும் ஆமை தலையை நீட்டி ஒருமுறை பார்த்தது. பிறகு ஆழத்துக்குள் போய்விட்டது. அவர் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார்.

"அது போயிச் சேந்துருச்சுங்க அம்மணி. நாங்க எங்கீங்க போறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

விடுதிக்குத் திரும்பி நொய்யலின் மேல் வெற்று வட்டத்தைப் போட்டேன். வரைபடம் சின்னது. அவர்கள் தோட்டமும் நான் பிறந்த ஊரும் அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன.