ரம்புட்டான் தொங்கிய மேடை

போன வருஷம் ஆடி மாதம், குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது.

தென்காசியில் கல்யாண மேடை அலங்காரம் செய்வது என் தொழில். தெர்மாகோலும் ஜிகினாவும் இருந்தால் எந்த மாப்பிள்ளையையும் ராஜாவாக்கிவிடுவேன். என் கல்யாணத்தில் மட்டும் அது பலிக்கவில்லை. நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டு நாடகம் போட்டோம். இரண்டு பழக்கடைக்காரர்கள் ஒரே பெண்ணுக்காகப் பாட்டிலேயே சண்டை போடும் சிரிப்பு நாடகம். குற்றாலத்திலேயே பக்கச் சுவர் இல்லாத தகரக் கொட்டகை ஒன்று கிடைத்தது. மேடை என் பொறுப்பு.

மெட்டுப் போட்டவர் செங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. பெண்ணுக்கு அம்மா வேஷமும் அவர்தான். அதற்கு முன்பு அவருக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்து, குரல் போய், மெல்லத்தான் தேறியிருந்தது. நாடகம் முடியும்போது மகளை வழியனுப்பும் பாட்டு. அதில் ஓரிடத்தில் குரல் உச்சிக்குப் போகவேண்டும். ஒத்திகையில் ஒருமுறைகூட எட்டவில்லை. “மேடையில வந்துரும்” என்பார்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“ஏலே, முன்னால நீ என்ன கூத்து வேணாலும் அடிச்சுக்க. என் பாட்டுக்கு மட்டும் எல்லாத்தையும் கழத்திட்டு ஒரு நீலத் துணி போடு.”

“வெறும் நீலமாக்கா? டிவி ரிப்பேரான மாதிரில்லா இருக்கும்.”

“இருந்துட்டுப் போவுது. பாட்டு கேக்கணும்லா.”

சரியென்று தலையாட்டினேன்.

மஞ்சளில் ஒரு கடை, ரோஸில் ஒரு கடை, நடுவே ஊதா அருவி. அருவி ஏன் ஊதா என்று கேட்காதீர்கள், அந்த டப்பாதான் மிச்சமிருந்தது. தெர்மாகோலில் பல் குத்தும் குச்சிகளைச் செருகி, மேலெல்லாம் முடி முளைத்த ரம்புட்டான் பழம் செய்தேன். நாடகத்தை நடத்திய அண்ணாச்சி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது பழமாலே, முள்ளம்பன்னியா?” என்றார். ரோஷம் வந்து நிஜ ரம்புட்டானையே கொத்துக் கொத்தாகவும், வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாகவும் தொங்கவிட்டேன். பொட்டலத்தை மறைத்துப் பிடியுங்கள், குரங்கு வரும் என்று குற்றாலத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் நான்!

நாடகம் முழுக்க மேளச் சத்தம். குரங்குகள் தகரத்து மேலேயே பொறுமையாக உட்கார்ந்திருந்தன. கடைசிப் பாட்டு நெருங்கியதும், பழங்களைக் கழற்றி நீலத் துணியைப் போடச் சொல்லி அண்ணாச்சி சைகை காட்டினார். மேடையைப் பார்த்தேன். அந்தக் கலரைக் கலைக்க மனசு வரவில்லை. இருக்கட்டும் என்று கையை ஆட்டிவிட்டேன்.

மேளம் நின்றது. அக்கா கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். அந்த அமைதிக்காகவே காத்திருந்ததுபோல ஒரு குரங்கு இறங்கி, மஞ்சள் கடையில் முதலாளி மாதிரி உட்கார்ந்து ரம்புட்டானை உரித்தது. ரோஸ் கடைக்கு இன்னொன்று வந்தது. சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. அக்கா திரும்பவில்லை, நிறுத்தவும் இல்லை. மேடை ஓரத்தில் நின்ற நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

முடிந்ததும் ஆளாளுக்கு என் கையைக் குலுக்கினார்கள். “கொரங்க எங்கன புடிச்சிய?” “சம்பளம் பேசித்தான் கூட்டியாந்தேன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். முகமெல்லாம் வேர்வை.

“அந்த எடம் வந்துச்சாலே? எனக்கு வந்த மாதிரிதான் இருந்துச்சு. சிரிப்புல என் காதுக்கே கேக்கல. நீ பக்கத்துலதான நின்ன?”

“சூப்பர்க்கா” என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “நீ கேக்கல” என்று சொல்லிவிட்டு, வேஷத்தைக் கலைக்கப் போய்விட்டார்.

அடுத்த நாடகத்துக்கு நான் கூப்பிட்டபோது, “கொரங்கையே கூப்பிடு, நல்லா செய்யிதுல்லா” என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்று எடுத்த செல்போன் வீடியோக்களையெல்லாம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் குரங்குதான். அந்த ஓரிடத்துக்காகக் காதில் ஹெட்போன் மாட்டி இன்னமும் தேடுகிறேன்; அக்காவின் வாய் திறப்பது தெரிகிறது, ஆனால் அந்த நொடியில் குரலை மூடிக்கொண்டு எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்பது என் சிரிப்புதான்.