கடைசித் தகட்டில் விழுந்த அடுப்படி

"ஊட்டை இங்க கொண்டாந்தீங்கன்னா பேஷா எடுத்துத் தாரேனுங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். அவருக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலையில் அரண்மனை வரைந்திருந்தது. அதன் முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலிக்குப் பக்கத்தில் காகிதப் பூச்சாடி. வீட்டைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று நான் கேட்டதுதான் அவருக்கு வேடிக்கையாகிவிட்டது. கோயமுத்தூரில் அதுவரை நான் ஏறி இறங்கிய ஸ்டூடியோக்களிலும் இதே கதைதான். கல்யாண ஜோடி என்றால் வா என்பார்கள். வீடு என்றால் சிரிப்பார்கள்.

எனக்கோ சிரிப்பு வரவில்லை. முப்பதுகளின் நடுப்பகுதி அது. பைக்காரா அருவியிலிருந்து கரண்ட் வந்து ஊரே புதுசாகிக்கொண்டிருந்தது. பருத்தியில் சம்பாதித்தவர்கள் எல்லாம் மச்சு வீடு கட்டக் கிளம்பியிருந்தார்கள். நான் ஓவர்சீயர் படிப்பு முடித்து, கிடைத்த சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டு, சொந்தமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன் என்று இறங்கியவன். கட்டி முடித்தது ஒரே ஒரு வீடு, கோயமுத்தூரில் ஒரு பருத்தி வியாபாரிக்கு. அடுத்த வீடு கிடைக்காவிட்டால், உதறிய வேலைக்கே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அடுத்த வீடு கோபிசெட்டிபாளையத்தில் இருந்தது, அதாவது ஒரு பண்ணைக்காரரின் மனதில் இருந்தது. அவரைப் பார்க்கப் போனபோது வயல் வரப்பில் நின்றபடியே பேசினார். "நடவு முடியற மட்டும் என்னால எங்கயும் நகர முடியாதுங்க. நீங்க கட்டுன ஊட்டைப் படம் புடிச்சுக் கொண்டாங்க. மெட்ராஸ் கம்பெனிக்காரங்க ஏற்கெனவே அனுப்பிப்போட்டாங்க. ரெண்டையும் வெச்சுப் பாத்துப்போட்டு யாருக்குன்னு சொல்லிப்போடறேன்."

படம்! பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் ஹாலைப் படத்தில் பார்த்தால் அந்த மனுஷர் மயங்கி விழமாட்டாரா? பர்மா தேக்குத் தூண்கள், கூரையில் கண்ணாடி பதித்து இறக்கிய வெளிச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக என் படிக்கட்டு. ஒரு பக்கம் மட்டும் சுவரில் பதிந்து, மறுபக்கம் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் கருங்கல் படிகள். அதில் முதல் ஆளாக ஏறிக் குதித்துக் காட்டியவன் நான்தான். அதைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் அகப்பட்டவர் மில்களுக்கு எந்திரங்களைப் படம் எடுத்துக் கொடுப்பவர். மனிதர்களை அவர் எடுப்பதே இல்லை. மனிதர்கள் ஆடுவார்கள், கண்ணைச் சிமிட்டுவார்கள், அப்புறம் மூக்கு சரியில்லை என்று சண்டைக்கு வருவார்கள் என்பது அவர் கட்சி. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊடு அசையாதுங்களே?"

"நான் கட்டுனது அசையாதுங்க" என்றேன். அந்த நிமிஷமே எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது.

முதல் நாளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எந்த ஜன்னலில் எப்போது வெயில் வருகிறது, எந்தச் சுவர் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று அறை அறையாக நின்று பார்த்தார். என் படிக்கட்டின் முன் நின்றபோது "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்கு எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

மறுநாள் காலை அவருடைய பெட்டிகளோடு குதிரை வண்டியில் போய் இறங்கினால், என் வீட்டையே காணோம்! போர்ட்டிகோத் தூண்களை மறைத்து வாழைமரம் கட்டியிருந்தது. மேலே மாவிலைத் தோரணம். உள்ளே பொள்ளாச்சியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வந்து இறங்கிய ஒறம்பரைச் சொந்தங்கள் பட்டும் நகையுமாக நிறைந்திருந்தார்கள். ஹாலில் வரிசையாக நாற்காலி போட்டாகிவிட்டது. கரண்ட் விளக்கைப் பார்த்தறியாத பெரிய மனுஷர்கள் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள். படம் பிடிக்க ஆள் வருகிறது என்று சொன்னதும் அந்த வீட்டில் அதை நோம்பி, பண்டிகை என்றே ஆக்கிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டு அம்மாளைத் தேடிக்கொண்டு ஓடினேன். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வந்தவர்களுக்கெல்லாம் காபியும் பலகாரமும் பார்த்துக்கொண்டு, விடிவதற்கு முன்பிருந்தே நின்ற காலில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஊட்டை மட்டும் எடுக்கறதுன்னு சொன்னேனுங்களே! ஆளே இருக்கப்படாதுங்க!"

அக்கா கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தார். "என்ன பேச்சுப் பேசறீங்க தம்பி? சனத்தை வெளிய தள்ளிப்போட்டு ஊட்டை மட்டும் படம் புடிச்சா ஊடே வெறிச்சுனு போயிருமுங்க. ஆகவே ஆகாது. புடிக்கிறப்ப உள்ள ஆளு நடமாட்டம் இருக்கோணும்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். போட்டோக்காரர்தான் பெட்டியைத் திறந்தபடி நிதானமாகச் சொன்னார். "இருக்கட்டுங்க அம்மணி. எத்தனை பேரு வேணாலும் இருக்கட்டும். ஆனா யாரும் நிக்கப்படாது, உக்காரப்படாது. நடந்துட்டே இருக்கோணும்."

அப்புறம் என் காதில் விளக்கினார். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. லென்ஸின் மூடியைக் கழற்றிச் சில நிமிஷம் அப்படியே விட்டால்தான் கண்ணாடித் தகட்டில் படம் பதியும். அசையாமல் இருப்பதுதான் அதில் விழும். நடந்துகொண்டே இருப்பவர்கள் விழவேமாட்டார்கள். கேட்டதும் அந்த மனுஷரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வாழைமரத்தை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி அவிழ்த்தேன். ஹாலில் முக்காலி மேல் கேமரா நின்றது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் என் தலையையும் விடச் சொன்னார். உள்ளே பார்த்தால், கண்ணாடியில் என் ஹால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தூண்களும் தரையும் சின்னச் சின்னதாக, துல்லியமாக. தலைகீழாகப் பார்த்தாலும் அழகாக இருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடடா, அடடா" என்று துணிக்குள்ளிருந்தே கத்தினேன்.

மூடியைக் கழற்றினார். பட்டுப் புடவைகளும் ஜரிகை அங்கவஸ்திரங்களும் ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தன. "நிக்காதீங்க, நிக்காதீங்க" என்று நான் பின்னாலேயே விரட்டினேன். கோயிலைச் சுற்றுவதுபோல என் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நடக்கிறவர்களுக்கும் சிரிப்பு, விரட்டுகிற எனக்கும் சிரிப்பு.

ஆனால் உடுத்தி வந்தவர்கள் சும்மா போவார்களா? எல்லோரையும் போர்ட்டிகோவில் நிறுத்தி, போட்டோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு படம் எடுக்க வேண்டியதாயிற்று. அதில் ஒரு தகடு போயிற்று. கொண்டுவந்ததில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது என் படிக்கட்டுக்கு.

படிக்கட்டில் போய்ப் பார்த்தால், நடுப்படியில் ஒரு தாராபுரத்துப் பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"வெத்தலை போட்டுப்போட்டு எந்திரிக்கிறேன் கண்ணு. நடந்து நடந்து காலு கெஞ்சுது" என்றார்.

"சாமி, வெயில் போயிருமுங்க!"

"வெயிலு நாளைக்கும் வருமுங்க."

அவரை எழுப்பி இறக்கிவிட்டுத் திரும்பினால் முக்காலியையும் காணோம், போட்டோக்காரரையும் காணோம். தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அடுப்படி வாசலில் முக்காலி நின்றது. லென்ஸின் மூடி அவர் கையில் இருந்தது. பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தார்.

எட்டிப் பார்த்தேன். அடுப்பில் பெரிய பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, ஜன்னலுக்கடியில் நான் கட்டிக் கொடுத்த சின்ன மேடையில் அக்கா சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மூடியைப் போட்டதும் குதித்தேன். "என் கடைசித் தகடுங்க அது! படிக்கட்டு என்னாச்சுங்க?"

"வெளிச்சம் நல்லா இருந்துச்சுங்க" என்றார் அவர். தகட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அவரோடு வண்டியில் திரும்பினேன். என் படிக்கட்டு போய், ஒரு அடுப்படி வந்துவிட்டதே என்று எனக்கு ஆறவே இல்லை. அந்த அடுப்படியில் நான் பட்ட பாடு வேறு ஞாபகம் வந்தது. வீடு கட்டும்போதே அக்கா சொல்லியிருந்தார். "எனக்குத் தூணும் வேண்டாம், துரைங்க ஊட்டுல மாதிரி படியும் வேண்டாமுங்க தம்பி. அடுப்படியில கண்ணு எரியாம இருந்தாப் போதும்." முதலில் கட்டிய புகைக்கூண்டில் புகை திரும்பி உள்ளேயே வந்தது. இடிக்க வைத்தார். மறுபடி கட்டி, மறுபடி இடித்து, கூரைக்கு மேல் உயர்த்திய பிறகுதான் விட்டார். இடிக்கும்போதெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டேதான் இடித்தேன்.

படங்கள் வந்தபோது கோபமெல்லாம் பறந்துவிட்டது. ஹாலில் ஒரு சனம் இல்லை! தூண்களும் வெளிச்சமும் மட்டும். அத்தனை பட்டுப் புடவையும் தரையோரம் மெல்லிய மூட்டமாகக் கரைந்திருந்தது. அடுப்படிப் படத்தில் பானையின் மேல் ஆவி வெள்ளைப் புகைச்சலாக வழிந்திருந்தது. அதைப் பார்த்து, படம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கி வைத்தேன். ஆனாலும் அக்காவிடம் காட்டாமல் இருப்பது சரியில்லை என்று கொண்டுபோய்க் காட்டினேன்.

"அய்யோ, இதென்னுங்க தம்பி கோலம்!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் மெதுவாக விலக்கி மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கோபிக்கு இதையும் கொண்டு போங்க. ஆனா ஆம்பளைங்க கையில குடுக்காதீங்க. அந்த ஊட்டு அம்மணி கையில குடுங்க" என்றார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. தனி உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

கோபியில் பண்ணைக்காரர் என் படங்களையும் மெட்ராஸ் படங்களையும் மேஜைமேல் பரப்பினார். மாற்றி மாற்றிப் பார்த்தார். 

"உங்குளுது நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அவிங்க படத்துல தூணு இதை விட எச்சா இருக்குதுங்களே" என்றார்.

 படிக்கட்டு இருந்திருந்தால்! அந்தத் தாராபுரத்துப் பெரியவரின் வெற்றிலையை நினைத்துக்கொண்டேன். எழுந்திருக்கும்போதுதான் உறை ஞாபகம் வந்தது. "இது ஊட்டு அம்மணி பாக்கறதுக்குங்க" என்று நீட்டினேன். அவர் பிரிக்காமலேயே உள்ளே அனுப்பினார்.

 எனக்கு வைத்த காபி ஆறிப்போயிற்று. பிறகு வளையல் ஓசை கேட்டது. அந்த வீட்டு அம்மாள் படத்தைக் கையில் பிடித்தபடி நிலைப்படிக்கு வந்து நின்றார். இரண்டு கண்ணும் சிவந்து நீர் கோத்திருந்தது. அழுகிறாரோ என்று பயந்தே போனேன். அழவில்லை. அப்போதுதான் அடுப்படிப் புகையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார்.

"ஏனுங்க தம்பி, இந்தப் பானை கொதிச்சுட்டு இருக்குதுங்களா?" என்று அந்த வெள்ளைப் புகைச்சலைத் தொட்டுக் கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப அடுப்பு எரிஞ்சுட்டு இருக்குது."

"எரிஞ்சுதுங்க."

"அடுப்பு எரியறப்பவே இந்த அம்மணி தூங்கறாங்க" என்றார், நம்பமுடியாமல். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இவருக்கே குடுங்க."

பண்ணைக்காரர் மேஜைமேல் கிடந்த தூண்களை ஒருமுறை பார்த்தார், மனைவியின் கண்களை ஒருமுறை பார்த்தார். மெட்ராஸ் படங்களை ஒன்றாகச் சேர்த்து உறைக்குள் போட்டார். "எப்பங்க அஸ்திவாரத்துக்கு நூல் புடிக்க வாரீங்க?" என்று கேட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்காரக்கூட எனக்குப் பொறுமை இல்லை. என் ஹால் படத்தைத் திருப்பி வைத்து, பின்பக்க வெள்ளையில் பென்சிலால் பண்ணைக்காரரின் புது வீட்டுக்குப் பிளான் போட ஆரம்பித்தேன். முதலில் அடுப்படியைப் போட்டேன்.